யார் முடிக்கச் சொன்னது?

போர்வையைக் காணவில்லை என்பதோடுதானே போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம்? இன்னமும் அங்கேயேதான் நிற்கிறாள், அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். இவள் செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். அச்சு எடுப்பது ஒருவர், மெழுகு வைப்பது ஒருவர், கடைசியில் இவள் கைக்கு வந்து சொரசொரப்பு போய் மெருகேறித்தான் ஒவ்வொரு பல் செட்டும் டாக்டருக்குப் போகும். அதனால் லேபில் இவளுக்கு 'ஃபினிஷிங் மேடம்' என்று பெயர். ஊர்ப்பட்ட வாய்க்கெல்லாம் பல்லை முடித்து அனுப்புகிற ஃபினிஷிங் மேடத்துக்கு வீட்டில் ஒரு போர்வை மட்டும் முடியவில்லை.

சாதாரணப் போர்வை இல்லை அது. மகள் சின்ன வயதில் போட்ட ஃப்ராக், காலர் நைந்த சட்டைகள், தலையணை உறை, லேபின் பழைய கோட்டு என்று வீட்டில் கழித்துப் போட்டதையெல்லாம் சதுரம் சதுரமாக வெட்டி, இணைத்து, அடியில் பஞ்சு விரிப்பும் அதற்கும் அடியில் ஒரே துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது ஆரம்பித்தது. மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

ஏன் இவ்வளவு காலம் என்று கேட்கிறீர்களா? அந்த வீட்டில் ஒரு வழக்கம். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். கையில் ஊசியை எடுத்தாளோ இல்லையோ, எல்லோருக்கும் எல்லாம் ஞாபகம் வந்துவிடும். சாவி எங்கே, சார்ஜர் எங்கே, அந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா. "சும்மாதானே உட்கார்ந்திருக்கே" என்ற ஒரு வாக்கியத்தை அவள் கேட்ட தடவைக்கு ஒரு தையல் போட்டிருந்தால் போர்வை எப்போதோ முடிந்திருக்கும்.

போன வாரம் அவள் பொறுமை எல்லை தாண்டியது உங்களுக்கு நினைவிருக்கும். சண்டையின் முடிவில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க முழுக்க அவளுக்கு. சமையல் இல்லை, துணி இல்லை, விருந்தாளி இல்லை. கணவர் தலையாட்டினார், மகள் தலையாட்டினாள், கீழ் வீட்டில் இருக்கும் நாத்தனார்கூட வந்து தலையாட்டிவிட்டுப் போனார். அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டே வாரம் பூராவும் அவள் யார் யார் பல்லையோ தேய்த்தாள்.

இதோ அந்த ஞாயிற்றுக்கிழமை. அலமாரி காலி.

மகள் ரொட்டித் துண்டைக் கடித்தபடி அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏம்மா அப்படியே நிக்கிற?"

"போர்வை எங்கடி?"

மகள் மெல்லுவதை நிறுத்தினாள். அந்த நிறுத்தம் ஒன்றே போதுமாக இருந்தது.

"எனக்குத் தெரியாதே."

"தெரியுமான்னு கேக்கலை. எங்கன்னு கேட்டேன்."

"அப்பா சர்ப்ரைஸ்னு சொன்னாரு. நான் சொன்னா சர்ப்ரைஸ் போயிடும்."

"போனா போகட்டும்."

"அத்தைக்குத் தெரிஞ்ச குஷன் கடையில குடுத்திருக்காரு. மிஷின்ல முடிச்சுத் தர்றதுக்கு." மகள் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்வாங்கினாள். "நான் அப்பவே சொன்னேன், அம்மாவைக் கேளுங்கன்னு."

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அப்ப தூங்கிட்டு இருந்தே."

பாதி முகத்தில் சவர நுரையோடு கணவர் அப்போதுதான் குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். இந்தக் குடும்பத்தை முதல் அத்தியாயத்திலிருந்து தெரிந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுபவர். எந்த பஸ் எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதில் அவர் வைத்ததுதான் சட்டம். ஓடாமல் நிற்கிற பஸ்ஸைக் கண்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்திருக்கும் மனைவியைக் கண்டாலும் கொஞ்சம் அப்படித்தான். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்தால் திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சிடுச்சா?" என்றார் சிரித்துக்கொண்டே. "சாயந்திரம் முடிச்சுக் காட்டலாம்னு பார்த்தேன். சரி, இப்பவே சந்தோஷப்பட்டுக்கோ. இன்னிக்கு நீ ஃப்ரீ. நிஜமாவே ஃப்ரீ."

"நான் இன்னிக்கு என்ன பண்றதா இருந்தேன்?"

"போர்வை தைக்கிறதா இருந்தே."

"இப்ப?"

"இப்ப அந்த வேலை இல்லை. அதைத்தானே சொல்றேன்."

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால் அந்தச் சுவருக்குப் போன மாதம்தான் வெள்ளையடித்திருந்தது.

"அந்தக் கடைக்கு ஃபோன் போடுங்க. மிஷின்ல கை வைக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"ஏன்?"

"போடுங்க."

போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"முகத்தைக் கழுவிட்டு வாங்க. போலாம்."

கீழே வாசலில் நாத்தனார் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர். அந்தப் பகுதியில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றவர்கள்தான். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்குமே, அதைக் குடும்பத்திலும் அவர் தன் காலடியில்தான் வைத்திருந்தார். யார் எங்கே புறப்பட்டாலும் ஒரு மிதி மிதித்துப் பார்ப்பார்.

"எங்க ரெண்டு பேரும் கிளம்பிட்டீங்க? இன்னிக்கு உனக்கு லீவாச்சே. போய்ப் படு."

"குஷன் கடைக்குக்கா. போர்வையை வாங்கிட்டு வரலாம்னு."

நாத்தனாரின் கையில் துணி நின்றது. தம்பியை ஒரு பார்வை பார்த்தார். தம்பி ஹெல்மெட்டை மாட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

"அங்க எதுக்கு நீ போறே? சாயந்திரம் நானே வாங்கிட்டு வந்துடறேன். என் பையனைக் கட்டிக்கப் போற பொண்ணோட அப்பா அம்மா வர்றாங்க, அந்த வழியாத்தான் போய்க் கூட்டிட்டு வரணும்."

"பரவாயில்லக்கா. நாங்களே போயிக்கறோம்."

"சொன்னா கேளேன்."

"இன்னிக்கு என் நாள்னு நீங்களும் சேர்ந்துதானேக்கா சொன்னீங்க," என்றாள் அவள், ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டே. "என் நாள்ல நான் குஷன் கடைக்குப் போறேன்."

வழியில் கணவர் காற்றோடு சேர்த்துக் கத்திக்கொண்டே வந்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியலை. ரெண்டு வருஷமா முடியலை முடியலைன்னு புலம்பினது நீதான். முடிச்சுக் குடுத்தா அதுக்கும் கோபம். நான் என்னதான் பண்றது?"

"நான் நேரம் கேட்டேன். முடிச்சுக் குடுங்கன்னு கேக்கலை."

"ரெண்டும் ஒண்ணுதானே? வேலை முடிஞ்சா நேரம் கிடைக்கும்."

"அது வேலை இல்லைங்க."

"வேலை இல்லைன்னா யார் தைச்சா என்ன?"

ஒரு சிக்னலில் வண்டி நின்றது. அவள் அவர் காதருகே குனிந்தாள்.

"சனிக்கிழமை சாயந்திரம் டிப்போவில செஸ் ஆடுறீங்களே. இனிமே நீங்க மெனக்கெட வேண்டாம். நான் வேற யாரையாவது அனுப்பி ஆடி முடிக்கச் சொல்றேன். நீங்க வீட்ல இருங்க. ஆட்டம் முடிஞ்சதும் 'நீங்க ஜெயிச்சுட்டீங்க'ன்னு வந்து சொல்லிடுவாங்க. உங்களுக்கும் நேரம் மிச்சம்."

பச்சை விழுந்தது. பின்னால் இருந்த வண்டிக்காரன் ஹாரன் அடிக்கும்வரை அவர் நகரவில்லை. இவளுக்கு அதுவே ஒரு சின்ன ஆறுதலாக இருந்தது.

பட்டறைத் தெரு. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருந்தன. குஷன் கடையின் ஷட்டர் மட்டும் பாதி ஏறியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தார்கள். ஸ்பாஞ்சும் பசையும் கலந்த வாசனை. எலும்புக்கூடாக நின்ற சோபாக்களுக்கு நடுவே கடைக்காரம்மா வாயில் நாலு ஊக்குகளைக் கவ்விக்கொண்டு நின்றிருந்தார். தையல் மெஷின் ஓடவில்லை. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

கடையின் நடுவில், நீளத்துக்கும் ஒரு மேசை. சோபாத் துணியை விரித்து வெட்டுகிற மேசை. அதன் மேல் அவளுடைய போர்வை முழுதாக விரிந்து கிடந்தது.

அவள் நின்றுவிட்டாள்.

முழுதாக அதை அவள் பார்த்ததே இல்லை. அவர்கள் வீட்டில் அதை விரிக்க இடம் கிடையாது. கட்டில் அதைவிடச் சின்னது. தரையில் விரிக்கலாமென்றால் நாற்காலி, அலமாரி, செருப்பு, ஆள் என்று ஏதாவது ஒன்று அதன் மேல் நிற்கும். மடியில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவையே, ஒரு மூலையாக, ஒரு ஓரமாகத்தான் அவள் இத்தனை நாளும் பார்த்திருக்கிறாள். இப்போது மொத்தமும் கண் முன்னால் கிடந்தது. லேபின் வெள்ளைக் கோட்டுச் சதுரங்கள் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகச் சிதறிக்கொண்டே போயின. அதைத் தான் யோசித்து வைத்தோமா, தானாக அமைந்ததா என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நீலக் கட்டத்தைத் தலைகீழாக வைத்துத் தைத்திருந்தாள். அதுகூட நன்றாகத்தான் இருந்தது.

நான்தானே செய்தேன் இதை, என்று நினைத்தாள்.

கிட்டே போய்க் கையை வைத்துத் தடவினாள். ஏதோ குறைந்தது. மறுபடி தடவினாள். மொழுமொழுவென்று இருந்தது. அவளுடைய கை அறிந்த அந்த மேடு பள்ளம் எதுவும் இல்லை. குனிந்து பார்த்தாள். மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்க அங்கங்கே ஊக்குகள் இருந்தன. சதுரங்களை இணைத்த தையல் போக, அடுக்குகளைச் சேர்த்துப் போட்ட கைத்தையல் ஒன்றுகூட இல்லை.

மேசைக்கு அடியில், துடைப்பத்துக்குப் பக்கத்தில், வெள்ளை நூல் துணுக்குகள் ஒரு சின்னக் குவியலாகக் கிடந்தன.

"பிரிச்சிட்டீங்களா?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கடைக்காரம்மா ஊக்குகளை வாயிலிருந்து எடுத்தார். "பிரிச்சாச்சும்மா. நேத்துப் பூரா அந்த வேலைதான். ஒரு இடத்துல துணி இழுபடணுமே, பாருங்க. சார்தான் சொன்னாரு, கையால போட்டிருக்கிற பெரிய பெரிய தையலெல்லாம் நகராம இருக்கச் சும்மா பிடிச்சு வெச்சது, மிஷின் ஏத்தறதுக்கு முன்னாடி எடுத்துடுங்கன்னு."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

அவர் நூல் குவியலைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். டிப்போவில் ஒரே தடத்தில் இரண்டு பஸ்ஸை எதிரெதிரே விட்டுவிட்டவர் மாதிரி இருந்தது முகம்.

"அது... பிடிச்சு வெச்சது இல்லையா?"

"அதுதாங்க தையல்."

"நான் நிஜமாவே அதை..."

"ரெண்டு வருஷமா நான் தைச்சது அதுதான். வேற எதுவும் இல்லை. நீங்க எழுந்துக்கறதுக்கு முன்னாடி, நீங்க செஸ் ஆடப் போனப்போ, லேப்லேர்ந்து வந்த அலுப்போட, எல்லாம் அதுதான். என்னைக்காவது ஒரு நாள் பக்கத்துல உட்கார்ந்து என்னடி பண்றேன்னு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, பாதம் முதல் உச்சி வரைக்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே இவள் பிடித்து வைத்த பிள்ளையாரை அவர் கரைத்துவிட்டு, களிமண் சுத்தமாக இருக்கிறது பார் என்று காட்டுகிறார்.

கடைக்காரம்மாவுக்கு ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று மட்டும் புரிந்தது. பேச்சை மாற்றப் பார்த்தார். அங்கேதான் இருந்தது அடுத்த இடி.

"காலையிலேயே மிஷினை ஏத்தியிருப்பேன்மா. பேரு எந்த மூலையில வரணும்னு கேக்காம விட்டுட்டேன். நூல்ல போடறது இல்லையா, மாத்தி வந்துட்டா அசிங்கமாயிடும்."

"என்ன பேரு?"

"மாப்பிள்ளை பேரும் பொண்ணு பேரும். அந்த டிரைவிங் மேடம் ஃபோன்ல சொன்னாங்களே. சம்பந்தி வீட்டுக்குக் குடுக்கறதுன்னு."

கடையில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கணவர் அண்ணாந்து அதையே பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அக்கா கேட்டாங்க," என்றார் மின்விசிறியிடம். "அந்தச் சம்பந்தியம்மா கையால செஞ்ச பொருள்னா உயிரையே விடுவாங்களாம். எங்க வீட்ல ஒண்ணு இருக்குன்னு அக்கா வாய் தவறிச் சொல்லிட்டாங்க. நீயும் ஒரு நாள் சொன்னியே, இது முடிஞ்சா யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டு நிம்மதியா இருப்பேன்னு."

"கோபத்துல சொன்னேன்."

"எனக்கு அது எப்படித் தெரியும்?"

"கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். உங்கக்கா கடையையே தூக்கிக் குடுத்துட்டாங்க." அவள் ஒரு மூச்சு விட்டாள். "சரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கையால செஞ்சதுன்னா உயிரை விடுற அம்மாவுக்கு, கையால போட்ட தையலையெல்லாம் பிரிச்செறிஞ்சிட்டு, மிஷின்ல தைச்சுக் குடுக்கப் போறீங்க. அப்படித்தானே?"

அதில் இருந்த கோளாறு அவருக்கு இப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

கடைக்காரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நான் இப்ப என்ன பண்ணட்டும்மா? மிஷின் போட்டா சாயந்திரத்துக்குள்ள முடிச்சிடலாம்."

கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். "இங்க பாரு. நடந்தது நடந்து போச்சு. தையல் போயிடுச்சு, அது இனிமே வராது. இதை இப்படியே முடிச்சு அக்காகிட்ட குடுத்துடுவோம். அவங்க மானம் காப்பாத்தின மாதிரி இருக்கும். உனக்கு நான் புதுத் துணியா வாங்கித் தர்றேன், முதல்லேர்ந்து ஒண்ணு ஆரம்பி. தினமும் உனக்குன்னு ஒரு நேரம் ஒதுக்கி நானே..."

"அட்டவணை போடுவீங்க."

"ஆமா."

உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு கணம் அவளுக்குச் சரி என்று சொல்லிவிடத் தோன்றியது. இத்தனை வருஷமாகச் சொன்னதுதானே. சரி என்றால் நாத்தனார் முகம் மலரும், இவர் முகம் தெளியும், இவளும் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கலாம். போர்வை எங்கோ ஒரு வீட்டில், யாரோ இரண்டு பேர் பெயரோடு கிடக்கும். லேபில் அவள் மெருகேற்றி அனுப்புகிற பல் செட் மாதிரிதான். போன பிறகு யார் வாயில் இருக்கிறதோ, யார் கண்டார்.

மேசையைச் சுற்றி மெதுவாக நடந்தாள். தலைகீழ் நீலக் கட்டத்தின் பக்கத்தில் நின்றாள். வீட்டில் மடியில் வைத்து மூலையிலிருந்து தைத்துக்கொண்டு வந்ததில் நடுப்பக்கம் துணி சுருங்கிக்கொண்டு வந்தது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரிதான் தைத்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் நடுவிலிருந்து தொடங்கி வெளியே போக வேண்டிய தையல். நடுவை விரித்து வைக்க இடம் இல்லாததால் மூலையில் தொடங்கியிருந்தாள். இப்போது ஒரு சுருக்கம் இல்லை. மேசையோடு மேசையாகப் படிந்து கிடந்தது.

அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருக்கிறதே என்று இன்னும் எரிச்சலாக இருந்தது. அதற்காக இவரை மன்னித்துவிட முடியுமா? முடியாது.

"உங்க மேசை இன்னிக்கு வேணுங்களா?" என்று கடைக்காரம்மாவைக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு மேசை எதுக்கு? இந்தப் போர்வைக்காகத்தான் கடையைத் திறந்தேன். பின்னாடி ரெண்டு சீட்டுக்குப் பஞ்சு அடைக்கணும், அதைப் பார்த்துட்டு இருப்பேன்."

"சின்ன ஊசி இருக்கா?"

"எங்கிட்ட இருக்கறது சாக்கு தைக்கிற மாதிரி ஊசிதான். பட்டன் தைக்க ஒண்ணு வெச்சிருக்கேன். ஆகுமா?"

"ஆகும். மிஷினை ஏத்த வேண்டாம்."

கணவர் கையிலிருந்த ஹெல்மெட்டை ஒரு சோபாக் கூட்டின் மேல் வைத்தார். மறுபடி எடுத்தார். "என்ன பண்ணப் போறே?"

"தைக்கப் போறேன்."

"எல்லாத்தையும் மறுபடியுமா?"

"எல்லாத்தையும்."

"இன்னிக்குள்ள முடியுமா?"

"முடியாது."

"அப்ப எப்ப முடியும்?"

அவள் கடையில் இருந்த ஒரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போர்வையின் ஒரு பாதியை ஊக்குகளோடு பதமாகச் சுருட்டி ஒதுக்கினாள். இடது கையை அடியில் நுழைத்து நடுச் சதுரம் வரைக்கும் கொண்டுபோனாள். வலது கையால் மேலிருந்து குத்திய ஊசி அடியில் வந்ததும் விரல் நுனியில் தட்டுப்பட்டது. அதை மேலே திருப்பினாள். முதல் தையல் விழுந்தது.

கணவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் இத்தனை நேரம் அதைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. ஒரு தையலுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார், அது அவர் சுபாவம். போட்ட கணக்கு அவருக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது. நூல் குவியலைத் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் அக்காகிட்ட என்ன சொல்றது?" என்றார் கடைசியில்.

"உண்மையை."

"எந்த உண்மையை?"

"போர்வை முடியலைன்னு. முடிஞ்சாலும் அது அவங்களுக்கு இல்லைன்னு."

"நீ சொல்லேன். உன் போர்வைதானே."

"கேக்காம எடுத்துட்டு வந்தப்போ என் போர்வைன்னு தெரியலை. வேண்டாம்னு சொல்றதுக்கு மட்டும் என் போர்வை ஆயிடுச்சா?"

ஊர் பூராவும் பஸ் விடுகிற மனிதர், சொந்த அக்காவுக்கு ஃபோன் போடத் தயங்கினார். கைபேசியை எடுத்தார், வைத்தார். கடைக்காரம்மா தர்மசங்கடமாக ஒரு பஞ்சு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். கணவர் மறுபடி எடுத்தார். பதற்றத்தில் எண்ணோடு சேர்த்து ஸ்பீக்கரையும் தொட்டுவிட, நாத்தனாரின் குரல் ஒலிபெருக்கியில் கடை முழுக்கக் கேட்டது.

"என்னடா, பேரு போட்டாச்சா?"

"அக்கா... போர்வை இன்னிக்கு வராது."

"லேட்டாகுமா? பரவாயில்லை, அவங்க சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள வந்தா போதும்."

"லேட் இல்லைக்கா. வராது. அதைக் குடுக்கறதா இல்லை."

அந்தப் பக்கம் நாத்தனார் காலடியில் இருந்த பிரேக்கை மிதித்துப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

"பக்கத்துல அவ இருக்காளா?"

"இருக்கா."

"அவதானே சொல்லச் சொன்னா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. ஆனால் ஊசி பாதியில் நின்றிருந்தது.

"அவ சொல்லச் சொன்னது நிஜம்தான்க்கா. ஆனா இப்ப சொல்றது நான்தான். நாம அதைக் கேக்காம எடுத்தோம். அவ ரெண்டு வருஷம் போட்ட தையலை நான் பிரிக்கச் சொல்லிட்டேன். அது அவளோடது. குடுக்க முடியாது."

ஊசி மறுபடி நகர்ந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அக்காவிடம் அவர் 'முடியாது' என்று சொல்லி அவள் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டாள். இதைக்கூடக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே என்றும் நினைத்துக்கொண்டாள்.

"சரிடா," என்றது குரல், நிதானமாக. நாத்தனார் நிதானமாகப் பேசினால் எல்லோருக்கும் கூடுதல் பயம். "நான் அந்தம்மாவுக்குப் போட்டோ எல்லாம் அனுப்பிட்டேன். தைக்கிறதையே கண்ணால பார்க்கணும்னு சாயந்திரம் வரைக்கும் பொறுக்காம இப்பவே கிளம்பி வந்துட்டாங்க. என் கார்லதான் உட்கார்ந்திருக்காங்க, நான் இறங்கி நின்னு பேசறேன். வீட்டுக்குப் போகாம நேரா அங்கேயே கூட்டிட்டு வர்றேன். என்கிட்ட நீ சொன்னதை அவங்க முகத்தைப் பார்த்து உன் பெண்டாட்டி சொல்லட்டும்."

தொடர்பு அறுந்தது.

கணவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட இரண்டு தடவை முயன்றார். ஷட்டர் வரை போய் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"கேட்டியா? வர்றாங்களாம். சம்பந்தி வீட்டுக்காரங்க. முதல் தடவையா வர்றாங்க. கொஞ்சம் எழுந்து முகமாவது கழுவிக்கோயேன். இதைச் சுருட்டி வெச்சுட்டு நின்னு ரெண்டு வார்த்தை..."

அவள் எழுந்திருக்கவில்லை. இடது கை போர்வைக்கு அடியிலேயே இருந்தது.

"வரட்டும்," என்றாள். "கையால செய்யறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு உட்கார்ந்து பார்த்துட்டுப் போகட்டும்."